ட்ரெட்மில்லா, சைக்கிளா, டம்பெல்லா? வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வது என்று முடிவெடுத்தவர்களில் பலர் ஒரே கேள்வியில் வந்து நின்றுவிடுகிறார்கள். கையில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ இருக்கிறது. படுக்கையறையில் ஒரு மூலையை ஒழித்தும் வைத்தாயிற்று. ட்ரெட்மில் வாங்குவதா, சைக்கிள் வாங்குவதா, டம்பெல்லோடு நிறுத்திக்கொள்வதா, எல்லாம் சேர்ந்த மல்டி ஜிம்மையே வாங்கிவிடுவதா என்பதில்தான் மனம் ஒரு நிலைக்கு வருவதில்லை. கடையில் கேட்டால் மோட்டாரின் குதிரைத்திறனையும் திரையில் தெரியும் கலோரிக் கணக்கையும் சொல்வார்கள். ஆனால் வாங்கிய கருவி ஆறு மாதம் கழித்தும் புழக்கத்தில் இருக்குமா என்பதை நிர்ணயிப்பவை பெரும்பாலும் வீட்டைச் சார்ந்த விஷயங்கள்: வாடகை வீடா சொந்த வீடா, கீழ்த்தளத்தில் யார் குடியிருக்கிறார்கள், மின்விசிறி எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது, வீட்டில் எத்தனை பேர் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள். தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு இந்த ஒப்பீட்டைச் செய்திருக்கிறேன்.

## எவற்றை வைத்து முடிவு செய்வது?

உடலின் தேவை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு தரும் பயிற்சியோ, 75 முதல் 150 நிமிடங்கள் கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும். அதோடு வாரத்தில் இரண்டு நாட்களாவது முக்கியமான தசைகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு, தடுமாறி விழாமல் இருக்க உதவும் சமநிலைப் பயிற்சிகளையும் வாரத்தில் மூன்று நாட்கள் செய்யச் சொல்கிறது. ஆக, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்று, தசைக்கும் எலும்புக்கும் வேண்டிய பயிற்சி மற்றொன்று. ஒன்றைச் செய்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடாது. நம் ஊரில் முதலாவதைப் பற்றிய அக்கறை வந்துவிட்டது. சென்னையில் கடற்கரையிலும், கோவையில் ரேஸ் கோர்ஸ் நடைபாதையிலும் விடியற்காலையில் நடப்பவர்களைப் பார்த்தாலே அது தெரியும். இரண்டாவதை, குறிப்பாகப் பெண்களும் நாற்பதைத் தாண்டியவர்களும், அநேகமாகக் கைவிட்டுவிட்டோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், தசையைப் பேணுவதை வெறும் தோற்றத்துக்கான வேலை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இடம். கருவி அடைத்துக்கொள்ளும் இடம் வேறு, அதில் பயிற்சி செய்யத் தேவைப்படும் இடம் வேறு. ட்ரெட்மில்லுக்குப் பின்னால் ஆறு அடியாவது காலியாக இருக்க வேண்டும். தடுமாறினால் பெல்ட் ஆளைப் பின்பக்கம்தான் தள்ளும், அங்கே சுவர் இருந்தால் இடையில் சிக்கிக்கொள்ள நேரும். தலைக்கு மேலுள்ள இடத்தை அநேகமாக யாரும் அளப்பதில்லை. ட்ரெட்மில்லின் மேடை தரையிலிருந்து அரை அடி உயரத்தில் இருக்கும். ஓடும்போது உடல் இன்னும் சில அங்குலம் எழும். பரணுக்குக் கீழேயோ மின்விசிறிக்கு நேர் கீழேயோ கருவியைப் போட்டுவிட்டால் உயரமானவர்களால் அதை நிம்மதியாகப் பயன்படுத்த முடியாது. டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குபவர்களுக்கும் இது பொருந்தும்.

தரையும் சத்தமும். மாடி வீட்டுத் தளம் எடை தாங்குமா என்று பலர் அஞ்சுகிறார்கள். வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்பது ஐஎஸ் 875 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. முறையாகக் கட்டிய வீட்டில், எழுபது கிலோ ட்ரெட்மில்லும் எண்பது கிலோ மனிதரும் அந்த எல்லைக்குள்தான் வருவார்கள். அஞ்ச வேண்டியது எடையைக் கீழே போடுவதைக் கண்டுதான். பதினைந்து கிலோ டம்பெல் முழங்கால் உயரத்திலிருந்து நழுவினாலே விட்ரிஃபைட் டைல் விரிந்துவிடும். வாடகை வீடானால் அந்தச் செலவு முன்பணத்தில் கழியும். சத்தம் என்று பார்த்தால், ஓடும் காலடியும் கீழே விழும் பளுவும்தான் கீழ்வீட்டை எட்டும். பால்கனியில் மட்டும் கனமான கருவி எதையும் வைக்காதீர்கள். மழையும் வெயிலும் கருவியைக் கெடுக்கும்.

தொடர் செலவு. மின்சாரம், பராமரிப்பு, உதிரி பாகம், வீடு மாறும்போது பிரித்துப் பூட்டும் கூலி, விற்கும்போது கிடைக்கும் விலை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். கடலுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்கள் உப்புக் காற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ சன்னல் ஓரம் வைத்த இரும்பு ஒரு மழைக்காலத்திலேயே செம்பழுப்பாகிவிடும்.

எத்தனை காலத்துக்குப் போதும்? உடல் பழகப் பழகக் கூடுதல் பளு கேட்கும். இன்று கடினமாக இருப்பது மூன்று மாதத்தில் எளிதாகிவிடும். அப்போதும் கொடுப்பதற்கு அந்தக் கருவியில் மிச்சம் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோல்களின்படி கருவிகளைச் சுருக்கமாக இப்படி வரிசைப்படுத்தலாம். விலைகள் தோராயமானவை, ஊருக்கும் தரத்துக்கும் ஏற்ப மாறும்.

| கருவி | முதல் செலவு (ரூ.) | தேவைப்படும் இடம் | மறைமுகச் செலவு | கீழ்வீட்டுக்குத் தொல்லை | முதன்மைப் பயன் |
|---|---|---|---|---|---|
| ட்ரெட்மில் | 25,000 – 70,000 | 3 அடி × 12 அடி | மின்சாரம், ஸ்டெபிலைசர், எண்ணெய், பெல்ட் | ஓடினால் அதிகம் | இதயம், நுரையீரல் |
| சைக்கிள் | 8,000 – 30,000 | 3 அடி × 5 அடி | பிரேக் பேடு, பேரிங் | மிகக் குறைவு | இதயம், தொடை |
| டம்பெல், பார்பெல் | 3,000 – 25,000 | 6 அடி × 7 அடி | ரப்பர் விரிப்பு, பெஞ்சு | கீழே போட்டால் மட்டும் | உடல் முழுதும் தசை, எலும்பு |
| மல்டி ஜிம் | 25,000 – 60,000 | 5 அடி × 7 அடி | கேபிள், பிரித்துப் பூட்டும் கூலி | நடுத்தரம் | தசை |
| ரெசிஸ்டன்ஸ் பேண்டு | 500 – 2,500 | ஒரு பாய் அளவு | ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் | இல்லை | தசை, மூட்டு |

## ட்ரெட்மில்

வீட்டுக்கு வரும் கருவிகளில் அதிகம் விரும்பப்படுவதும், பிறகு அதிகம் கைவிடப்படுவதும் இதுதான் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் மோட்டார். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘4 எச்பி’, ‘5 எச்பி’ (குதிரைத்திறன்) என்பவை பெரும்பாலும் உச்சத் திறன். மோட்டார் ஒரு சில நொடிகளுக்கு மட்டும் தரக்கூடியது. தொடர்ந்து தரக்கூடிய திறன் எவ்வளவு என்று கேட்டால் விடை அதில் பாதியாகக்கூட இருக்கும். நடப்பதற்கு மட்டும் என்றால் தொடர்திறன் ஒன்றரை எச்பி போதும். எண்பது கிலோவுக்கு மேற்பட்டவர் ஓடப் போகிறார் என்றால் இரண்டரைக்குக் குறையக் கூடாது. பெல்ட்டின் நீளமும் அதே அளவு முக்கியம். நடைக்கு 48 அங்குலம் போதும். ஓடுபவர் எட்டி வைக்கும் அடி நீளமாதலால் 55 அங்குலமாவது வேண்டும். குறைந்தால் கால் பின் விளிம்பில் படுமோ என்று அடியைச் சுருக்கிக்கொண்டே ஓட நேரிடும், அது முழங்காலுக்கு நல்லதல்ல. பயன்படுத்துபவரின் எடைக்கு மேல் இருபது கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் கருவியாகப் பார்த்து எடுப்பது நல்லது.

அடுத்து மின்சாரம். நடக்கும்போது அரைக் கிலோவாட் அளவிலும், ஓடும்போது ஒரு கிலோவாட்டை ஒட்டியும் இழுக்கும் கருவியை நாள்தோறும் முக்கால் மணி நேரம் பயன்படுத்தினால், இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 25 முதல் 45 யூனிட் கூடும். தனியாகப் பார்த்தால் இது பெரிய தொகையல்ல. ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்ந்துவிடுகிறது. கோடையில் ஏசி ஓடி ஏற்கெனவே 480ஐ எட்டியிருக்கும் வீட்டில், ட்ரெட்மில்லின் உண்மையான செலவு அந்த எல்லையைத் தாண்ட வைப்பதில்தான் இருக்கிறது. இதை மோட்டாரோ ஏசியோ ஓடும் கனமான பிளக்கில், முறையான எர்த் இணைப்புடன் பொருத்த வேண்டும். விளக்குக்கான சிறிய பிளக்கில் நீட்டிப்பு ஒயர் போட்டு ஓட்டக் கூடாது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதியில் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டினால் முதலில் பழுதாவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டுதான், பழுதில் விலை அதிகமானதும் அதுவே. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு எளிதுதான், செய்ய மறந்துவிடுகிறார்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள். விரலில் வழவழப்பு ஒட்டினால் போதுமான எண்ணெய் இருக்கிறது என்று பொருள். உலர்ந்து சொரசொரப்பாக இருந்தால் சிலிக்கான் எண்ணெயைப் பலகையின் மேல் வளைவு வளைவாக விட்டு, சில நிமிடங்கள் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட வேண்டும். சமையல் எண்ணெயோ, துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயோ விடக் கூடாது. அவை பெல்ட்டைப் பழுதாக்கும். பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால், நகர்ந்த பக்கத்தின் பின்னால் உள்ள போல்ட்டை ஆலன் சாவியால் கால் சுற்று இறுக்கி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக முழுச் சுற்று இறுக்கினால் மறுபக்கம் ஓடிவிடும். உலர்ந்த பெல்ட்டை இழுக்க மோட்டார் கூடுதலாக உழைக்கும், சூடேறும், வாசனை வரும். அதற்குப் பிறகு வரும் பழுதுக்கான செலவு, சில நூறு ரூபாய் எண்ணெயை விடப் பல மடங்கு.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய கருவி வேறு இல்லை. 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்ததையும், பல விபத்துகள் பதிவானதையும் அடுத்து, பெலோட்டன் நிறுவனம் தன் ட்ரெட் பிளஸ் ட்ரெட்மில்லைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஓடும் பெல்ட்டின் பின்பகுதி சிறிய கையையோ உடலையோ உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடியது என்பது எந்த நிறுவனத்தின் கருவிக்கும் பொருந்தும். பாதுகாப்புச் சாவியின் கிளிப்பை ஒவ்வொரு முறையும் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் சாவியைக் கழற்றிக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இத்தனை செலவுக்கும் கவனத்துக்கும் ஈடாக ட்ரெட்மில் தருவது நடையும் ஓட்டமும். இவற்றைத் தெருவிலும் மொட்டைமாடியிலும் பூங்காவிலும் காசில்லாமல் பெற முடியும். எனவே, வெளியே நடக்க வாய்ப்புள்ளவர்கள் முதல் பணத்தை இதில் போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆயினும் அந்த வாய்ப்பே இல்லாத வீடுகள் இருக்கின்றன. கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியே போக முடியாத தாய், இரவு எட்டு மணிக்குமேல்தான் ஓய்வு கிடைத்து அந்நேரத்தில் தெருவில் தனியே நடக்கத் தயங்கும் பெண், தெருநாய்த் தொல்லையும் உடைந்த நடைபாதையும் உள்ள பகுதியில் வசிக்கும் முதியவர், இதயச் சிகிச்சைக்குப் பிறகு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடக்குமாறு மருத்துவர் அறிவுறுத்தியவர் ஆகியோருக்கு ட்ரெட்மில் ஆடம்பரம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நடை நின்றுபோய்ப் பிறகு தை வரை தொடங்கவே முடியாமல் போகிறவர்களும் இதில் சேருவார்கள்.

## உடற்பயிற்சி சைக்கிள்

இடம் குறைவு, சத்தம் குறைவு, மின்சாரம் அநேகமாகத் தேவையில்லை, விலையும் கைக்கு அடக்கம். முதல் மாடிக்கு மேல் குடியிருப்பவர்கள், இதயத்துக்கான பயிற்சியை வீட்டுக்குள் செய்தே ஆக வேண்டும் என்றால் ட்ரெட்மில்லை விட சைக்கிளைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். பாதம் தரையில் மோதாததால் உடல் எடை கூடியவர்களுக்கும் முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கும் இது இதம்.

மூன்று வகைகள் அதிகம் கிடைக்கின்றன. நிமிர்ந்து உட்காரும் சாதாரண வகை வீட்டுப் புழக்கத்துக்குப் போதும். கனமான சக்கரம் கொண்ட ஸ்பின் பைக், கடுமையாக உழைக்க விரும்பும் இளையவர்களுக்கு ஏற்றது. முதுகைச் சாய்த்துக்கொண்டு கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் வகை இடுப்புவலி உள்ளவர்களுக்கும், ஏறி இறங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் நல்லது. இடமும் விலையும் சற்றுக் கூடுதல். மலிவான ஸ்பின் பைக்குகளில் சக்கரத்தின் மேல் ஒரு பேடு உரசித்தான் கடினம் கூடுகிறது; அந்தப் பேடு தேயும், சத்தம் எழுப்பும், அவ்வப்போது மாற்ற வேண்டும். காந்த முறையில் கடினத்தைக் கூட்டும் வகையில் எதுவும் உரசாது. இரண்டாயிரம், மூன்றாயிரம் கூடுதலானாலும் அதையே எடுப்பது மிச்சம்.

இருக்கையின் உயரத்தைச் சரியாக வைக்காமல் மிதித்துவிட்டு, சைக்கிளால் முழங்கால் வலி வந்துவிட்டது என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். மிதி (பெடல்) கீழே வந்திருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும்; குதிகாலை மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அதிகமாக மடங்கி அழுத்தம் ஏறும். கணவன், மனைவி இருவரும் பயன்படுத்தும் வீட்டில் இருக்கைக் கம்பியில் அவரவர் உயரத்தை அடையாளமிட்டுக்கொள்வது நல்லது.

குறையும் உண்டு. உட்கார்ந்தே மிதிப்பதால் உடலின் எடை எலும்பில் இறங்குவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறையும் வயதில் உள்ள பெண்கள் சைக்கிளை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கு இதில் பயிற்சியே இல்லை.

## டம்பெல்லும் பார்பெல்லும்

வீட்டுக்குள் முதலில் வர வேண்டியது பளு என்று நான் சொல்வதற்குக் காரணம், வெளியே கிடைக்காதது அதுதான் என்பதே. ஒரு ஜோடி டம்பெல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழலாம், குனிந்து தூக்கலாம், நெஞ்சை நோக்கி இழுக்கலாம், தலைக்கு மேல் தள்ளலாம்; அன்றாட வாழ்வில் அரிசி மூட்டையைத் தூக்குவதும் கேஸ் சிலிண்டரை நகர்த்துவதும் இதே அசைவுகள்தான். மின்சாரம் வேண்டாம், பழுது கிடையாது. இரும்பு பத்து ஆண்டு கழித்தும் இரும்பாகவே இருக்கும். எடைக்கு எடை விலை போகும்.

ஆனால் எந்த டம்பெல் என்பதில் பணம் வீணாக வாய்ப்புண்டு. இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் ‘20 கிலோ ஹோம் ஜிம் செட்’ என்பதில் இரண்டு கைக்கும் சேர்த்துத்தான் இருபது கிலோ. பிரித்துப் போட்டால் ஒரு கைக்குப் பத்து. தோளுக்கு அது நெடுநாள் போதும். தொடைக்கும் இடுப்புக்கும், ஒழுங்காகச் செய்பவர்களுக்குச் சில மாதங்களிலேயே போதாமல் போகும். அந்தத் தட்டுகள் பெரும்பாலும் பிவிசி உறைக்குள் சிமென்ட் போன்ற கலவையை நிரப்பியவை. ஒரு தட்டைக் கையில் எடுத்துச் சுற்று விளிம்பைப் பார்த்தால், இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு தெரியும். இரண்டு மூன்று முறை தரையில் பட்டால் அந்தக் கோடு விரிந்து, சாம்பல் நிறப் பொடி கொட்டத் தொடங்கும். இரும்பைவிடக் கலவை இலேசானது என்பதால் அதே எடைக்குத் தட்டு தடிமனாக இருக்கும். கம்பியில் நான்கு தட்டு ஏறும் இடத்தில் இரண்டுதான் ஏறும். தொடங்கிப் பார்க்க மட்டும் என்றால் இதில் தவறில்லை. ஓராண்டுக்கு மேல் தொடரும் எண்ணம் இருந்தால் வார்ப்பிரும்புத் தட்டுகளோ, ரப்பர் பூசிய அறுகோண டம்பெல்களோதான் சரி.

அறுகோண டம்பெல்கள் உருளாது, திருகு கழன்று விழும் அச்சமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு எடைக்கும் ஒரு ஜோடி வேண்டும்: இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து என்று நான்கு ஜோடி வாங்கினாலே ஐம்பது கிலோவுக்குக் காசு கொடுக்க வேண்டும், அடுக்கி வைக்கத் தாங்கியும் வேண்டும். கம்பியில் தட்டு மாற்றும் வகையில் செலவு பாதிக்கும் கீழே வரும். ஒவ்வொரு முறையும் திருகைக் கழற்றி மாட்டும் பொறுமை தேவை, இடையிடையே திருகு இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். டயலைத் திருப்பினால் எடை மாறும் நவீன வகை, இடநெருக்கடி உள்ள வீட்டுக்கு மிகப் பொருத்தம். விலை அதிகம், உள்ளே நுட்பமான பாகங்கள் இருப்பதால் கீழே போடவே கூடாது.

இரண்டு கையாலும் தூக்கும் நீளக் கம்பியான பார்பெல்லைப் பொறுத்தவரை, போட்டித் தரத்திலான ஆண்கள் கம்பி 20 கிலோ எடையும் 2.2 மீட்டர் நீளமும் கொண்டது. பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்துக்கொண்டு திரும்பக்கூட முடியாது. அந்த அளவு பளு தூக்கும் நிலைக்கு வந்தவர்களுக்குத் தாங்கு சட்டமும், உடன் நிற்க ஆளும் வேண்டும் என்பதால், அவர்களுக்கு ஜிம் சந்தாவே பெரும்பாலும் நல்ல முடிவு.

கடையின் விலைப் பட்டியலில் வராத இரண்டு பொருள்கள் இவை. ஒன்று, தரைவிரிப்பு. குழந்தைகள் விளையாடும் மெத்தென்ற ஃபோம் பலகை இதற்கு உதவாது. பளுவோடு நிற்கும்போது பாதம் அமிழ்ந்து தடுமாறும். கெட்டியான ரப்பர் விரிப்பாக, பத்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் வாங்க வேண்டும். மற்றொன்று பெஞ்சு. அதன்மேல் எழுதியிருக்கும் தாங்கு எடை, படுப்பவரின் எடையையும் தூக்கும் பளுவையும் சேர்த்தது. எண்பது கிலோ மனிதர் நாற்பது கிலோ தூக்கினால் நூற்று இருபதாகிறது. இருநூறு கிலோவுக்குக் குறைந்த பெஞ்சு வேண்டாம்.

இதற்கு முன் பளு தூக்கியே இராதவர்கள் சில வகுப்புகளாவது ஒரு பயிற்சியாளரிடம் முறை கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டணத்தையும் கருவியின் விலையில் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். உயர் இரத்த அழுத்தமோ, இதயக் கோளாறோ, குடலிறக்கமோ, முதுகுத்தண்டுப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கர்லாக்கட்டையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கடைசல் பிடித்த மரத்தாலான இந்தக் கட்டை, தோள்மூட்டின் முழு வட்டத்துக்கும் பிடியின் வலுவுக்கும் தரும் பயிற்சியை டம்பெல்லால் அப்படியே தர முடியாது. நம் சிலம்பக் கூடங்களிலும் பழைய உடற்பயிற்சிச் சாலைகளிலும் தண்டாலோடும் பஸ்கியோடும் சேர்ந்தே இது இருந்து வந்திருக்கிறது. இன்று மீண்டும் வாங்கக் கிடைக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் சுற்றுவதற்கு மின்விசிறியும் டியூப் லைட்டும் இல்லாத திறந்த இடம், அதாவது மொட்டைமாடி வேண்டும். தெரிந்தவரிடம் கற்றுக்கொண்ட பிறகே எடையைக் கூட்ட வேண்டும். தோள்மூட்டில் பழைய காயம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கால்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை, அதற்குப் பஸ்கியே துணை.

## மல்டி ஜிம்

ஒரே சட்டத்தில் நெஞ்சு, முதுகு, தொடை அனைத்துக்குமான பிடிகள், கேபிள், நடுவில் அடுக்கடுக்கான எடைத் தட்டுகள். ஊசியை மாற்றிச் செருகினால் எடை மாறுகிறது. கையிலிருந்து பளு நழுவி மேலே விழும் அபாயம் இல்லை என்பதே இதன் பெரிய நன்மை. தனியாகப் பயிற்சி செய்யும் பதின்வயதினருக்கும், பளுவைக் கண்டு அஞ்சும் பெரியவர்களுக்கும் இது தைரியம் தரும்.

செலவு பிற்பாடுதான் தெரியும். வீட்டு வகைகளில் எடை அடுக்கு பெரும்பாலும் 45 முதல் 70 கிலோவுக்குள் முடிந்துவிடும். பின்னர் கூட்ட வழியில்லாதவை பல. பிடிகளின் உயரம் சராசரி உடலுக்கு ஏற்றபடி அமைந்திருக்கும் என்பதால் ஐந்தடி உயரமுள்ளவருக்கும் ஆறடி உயரமுள்ளவருக்கும் தோள் சரியான கோணத்தில் வராது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். கேபிளின் உறை விரிந்து கம்பி வெளியே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், அதே நீளத்தில் கேபிள் கிடைக்கிறதா என்பதை வாங்கும்போதே உறுதி செய்துகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு மாறும்போது இதைப் பிரித்து லிஃப்ட்டில் இறக்கிப் புது வீட்டில் மீண்டும் பூட்ட வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்த வீடு, தனி அறை, பயன்படுத்த மூன்று நான்கு பேர் என்றால் நிச்சயம் பயன் தரும்.

## ரெசிஸ்டன்ஸ் பேண்டு

இழுத்தால் நீளும் ரப்பர் பட்டை இது. பை ஒன்றில் அடங்கிவிடும். பயணத்திலும் உடன் வரும். மூட்டு வலிக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் பளு தூக்கும் முன் உடலைத் தயார்ப்படுத்துவதற்கும் இதைவிடச் சிறந்தது இல்லை. இழுக்க இழுக்கத்தான் கடினம் கூடும் என்பதால் அசைவின் தொடக்கத்தில் தசைக்கு வேலை குறைவு; எவ்வளவு பளு தூக்கினோம் என்று கணக்கு வைத்துக்கொள்வதும் கடினம். லேடெக்ஸ் ஆதலால் நம் ஊர் வெயிலில் சீக்கிரம் உலர்ந்து வெடிப்பு விடும். பயன்படுத்தும் முன் இலேசாக இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். முடியளவு கீறல் தெரிந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அறுந்தால் அடிபடுவது கண்ணிலோ முகத்திலோ. கதவில் மாட்டி இழுப்பதானால், இழுத்தால் மூடிக்கொள்ளும் பக்கத்தில் நின்று தாழிட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

## எந்த வீட்டுக்கு எது?

ஐந்தாயிரத்துக்குள் என்றால் தட்டு மாற்றும் டம்பெல் ஜோடி ஒன்று, பேண்டு ஒன்று, ரப்பர் விரிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு, நடையை வெளியே வைத்துக்கொள்ளலாம். இருபதாயிரம் இருக்கும் வாடகை வீட்டுக்காரர், அதே செட்டை வார்ப்பிரும்பில் ஒரு கைக்கு இருபது கிலோ வரை ஏறும்படி எடுத்து நல்ல பெஞ்சும் வாங்கலாம். மிஞ்சினால் காந்த முறை சைக்கிளுக்குச் சேர்த்துவைக்கலாம். ஐம்பதாயிரம் இருந்தாலும், வெளியே நடக்க முடிகிறவர்கள் முதலில் பளுவையும் பிறகு சைக்கிளையும் வாங்குவதே சரி. வெளியே நடக்கவே முடியாத வீடு என்றால் முப்பத்தைந்தாயிரத்தை ட்ரெட்மில்லுக்கும் மீதியை டம்பெல்லுக்கும் ஒதுக்குங்கள். மொத்தத்தையும் ட்ரெட்மில்லில் போட்டுவிட்டுத் தசைப் பயிற்சியை மறந்துவிட வேண்டாம். அறுபதைக் கடந்த பெற்றோருக்காக என்றால், கைப்பிடியுள்ள ரிகம்பென்ட் சைக்கிளும் இரண்டு கிலோ டம்பெல்லும் உறுதியான கைவைத்த நாற்காலியும் போதும். அந்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரப் பழகுவது, கழிவறையிலிருந்து எழுவதற்கும் பேருந்துப் படி ஏறுவதற்கும் நேரடியாகப் பயன்படும்.

எதை வாங்குவதானாலும் பழைய பொருளாகக் கிடைக்கிறதா என்று ஒரு வாரம் தேடிப் பாருங்கள். இரும்புத் தட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் புதிதாகிவிடும். சைக்கிளில் ஏறி முழுக் கடினத்தில் பத்து நிமிடம் மிதித்து, கிரீச்சென்ற சத்தமோ ஆட்டமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய ட்ரெட்மில் என்றால், வீட்டில் மிகக் கனமானவரை ஏற்றிக் கால் மணி நேரம் நடக்கவிட்டு, பெல்ட் இடையில் நின்று நின்று ஓடுகிறதா, மோட்டார் மூடியின் மேல் கை வைத்தால் சூடு அதிகமாக இருக்கிறதா, கருகிய வாசனை வருகிறதா என்று கவனியுங்கள். அந்த நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர் உங்கள் ஊருக்கு வருவாரா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.